முதல் மூன்று வருடம் கலையிடம் சோறு கேட்காதீர்கள்

கேள்வி: எனக்கு வயது 42. சென்னையில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் டெலிவரி மேனேஜர். மொத்தம் 18 வருட அனுபவம், இந்தக் கம்பெனியில் மட்டும் 7 வருடம் 8 மாதம். கையில் வரும் சம்பளம் 1,85,000 ரூபாய், அடிப்படைச் சம்பளம் 90,000. கணவர் தனியார் கல்லூரியில் பேராசிரியர், சம்பளம் 55,000. மகள் பத்தாம் வகுப்பு. சர்க்கரை நோய் உள்ள என் அம்மா எங்களோடு இருக்கிறார். வீட்டுக் கடன் பாக்கி 22 லட்சம், இ.எம்.ஐ. 31,000. அதையும் சேர்த்து மாதச் செலவு 1,30,000. பி.எஃப். 24 லட்சம், மியூச்சுவல் ஃபண்ட் 18 லட்சம், எஃப்.டி. 6 லட்சம், மகளின் செல்வமகள் கணக்கில் 9 லட்சம் இருக்கிறது.

அமெரிக்க கிளையன்ட் என்பதால் இரவு பதினொன்றரை வரை போன் கால். ஞாயிறு சாயங்காலம் ஆனாலே வயிற்றைப் பிசைகிறது. சாப்பிடும்போது மகள் பேசுவது காதில் விழுகிறது, மனதில் ஏறுவதில்லை. இரண்டு வருடமாக, முடிந்த வாரக் கடைசிகளில் உழவன் எக்ஸ்பிரஸைப் பிடித்துக் கும்பகோணம் போய், பரம்பரையாகக் கலம்காரி, அதாவது துணியில் கையால் ஓவியம், எழுதும் ஒரு பெரியவரிடம் கற்றுக்கொள்கிறேன். அங்கே உட்கார்ந்தால் போனை எடுக்கத் தோன்றுவதே இல்லை. வேலையை விட்டுவிட்டு இதையே செய்யலாமா? நான் எழுதிய துணி ஒன்றை அலுவலகத் தோழி 3,500 ரூபாய்க்கு வாங்கினாள். அதை முடிக்க ஆறு வாரக் கடைசி ஆனது, சாமான் செலவு 900. கணவர் வேண்டாம் என்று சொல்லவில்லை, ஆனால் பேச்சை எடுத்தால் வேறு எதற்கோ போய்விடுகிறார். கூட வேலை செய்கிறவர்களோ எனக்குத் தைரியம் போதவில்லை என்கிறார்கள். (பெயர் வெளியிட விரும்பாத வாசகி, சென்னை. ஆகஸ்ட் மாதம் எழுதிய கடிதம், சுருக்கப்பட்டது.)

அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் அந்தத் தைரியப் பேச்சைத் தள்ளி வைப்போம். 18 வருடம் வேலை பார்த்து, வீடு வாங்கி, அம்மாவைக் கூட வைத்துக்கொண்டு, மகளுக்கென்று தனியாகச் சேமித்து, அதற்கு மேல் இரவு ரயிலில் போய் ஒரு கலையையும் கற்றுக்கொள்கிறவருக்குத் தைரியம் போதவில்லை என்று யாரும் சொல்ல வேண்டாம். நாளைக்கே ராஜினாமா கடிதம் கொடுப்பதுதான் தைரியம் என்று நினைப்பவர்கள் உங்கள் இ.எம்.ஐ.யைக் கட்டப் போவதில்லை.

உங்கள் கடிதத்தில் இரண்டு விஷயங்கள் ஒன்றாகப் பின்னிக் கிடக்கின்றன. ஒன்று, இந்த வேலை உங்களைக் களைத்துப்போட்டிருக்கிறது. இன்னொன்று, கலம்காரி உங்களை இழுக்கிறது. இரண்டுக்கும் ஒரே மருந்து ராஜினாமாதான் என்று முடிவு கட்டிவிட்டீர்கள். நான் நிதி ஆலோசகர், மருத்துவர் இல்லை. ஆனால் இந்த வயதில், இந்த மாதிரி வேலையிலிருந்து என்னிடம் வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது, கடைசியாக எப்போது இரண்டு வாரம் சேர்ந்தாற்போல் லீவு எடுத்தீர்கள் என்றுதான். பெரும்பாலும் பதில் வராது. வேலைச் சோர்வு என்பது தனியான நோய் இல்லை என்றாலும், வேலையில் நாள்பட்டுத் தேங்கிய அழுத்தத்தால் வருகிற நிலை என்று உலக சுகாதார நிறுவனம் 2019ல் தன் நோய் வகைப்பாட்டுப் பட்டியலில் விளக்கியிருக்கிறது. உடம்பில் தெம்பே இல்லாமல் போவது, வேலையிலிருந்து மனம் விலகுவது அல்லது அதன்மேல் கசப்பு வருவது, எதைச் செய்தாலும் உருப்படியாகச் செய்யவில்லை என்று தோன்றுவது ஆகிய மூன்றும் அதன் அடையாளங்கள். ஞாயிறு சாயங்காலத்தைப் பற்றி நீங்கள் எழுதியது அதற்குப் பக்கத்தில் வருகிறது. அதனால் முதலில் ஒரு மருத்துவரைப் பாருங்கள். தைராய்டு, ஹீமோகுளோபின், சர்க்கரை மூன்றையும் பார்க்கச் சொல்லுங்கள். 42 வயதில் தூக்கம் கெடுவதற்கு உடம்புக்குள்ளேயே காரணம் இருக்கலாம். அப்புறம் சேர்ந்திருக்கும் லீவில் மூன்று வாரம் எடுங்கள். முதல் வாரம் கும்பகோணம்கூடப் போக வேண்டாம். தூங்குங்கள்.

தூங்கி எழுந்த பிறகும் கை கலத்தை, அந்தத் துணியில் எழுதும் பேனாவை, தேடினால், அது வேலையிலிருந்து தப்பிக்கும் ஆசை இல்லை, நிஜமாகவே கலை மேல் உள்ள ஆசை. உங்கள் விஷயத்தில் தேடும் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. சுருக்குவதற்கு முன் உங்கள் கடிதத்தில் ஒரு பத்தி இருந்தது. கடுக்காயும் பாலும் கலந்த தண்ணீரில் ஊறிக் காய்ந்த துணி, இரும்புத் துருவும் வெல்லமும் நாள்கணக்கில் ஊறிய மையைத் தொட்டதும் கறுப்பது பற்றி எழுதியிருந்தீர்கள். பாலில் இருக்கும் கொழுப்புதான் மை பரவாமல் கோட்டைப் பிடித்து நிறுத்துகிறது என்று எழுதியிருந்தீர்கள். படிகாரக் கரைசலால் எழுதிய இடம் கண்ணுக்கு அவ்வளவாகத் தெரியாது, நன்றாகக் காய விட்டு, ஓடும் தண்ணீரில் அலசி, மஞ்சிட்டி போட்டுக் கொதிக்க வைக்கும்போதுதான் அந்த இடத்தில் மட்டும் சிவப்பு ஏறும் என்றும், அதைப் பார்க்கும்போது நீங்கள் முழுசாக அங்கே இருப்பதாகவும் எழுதியிருந்தீர்கள். வேலை வெறுத்துப்போய் ஏதாவது ஒரு கலையைப் பிடித்துக்கொள்கிறவர்கள் இப்படி எழுத மாட்டார்கள். அவர்கள் அமைதி, சுதந்திரம் என்றுதான் எழுதுவார்கள். பால் கொழுப்பைப் பற்றி எழுத மாட்டார்கள்.

சரி, கணக்குக்கு வருவோம்.

அந்த 3,500 ரூபாய்த் துணியில் இருந்து தொடங்குகிறேன். சாமான் போக மிச்சம் 2,600. ஆறு வாரக் கடைசி என்றால் பன்னிரண்டு நாள். ஒரு நாளைக்கு 217 ரூபாய். ரயில் டிக்கெட்டை இதில் சேர்க்கவில்லை. வாங்கியவர் தோழி என்பதால் அதை ஒரு வியாபாரமாகவும் நான் சேர்க்க மாட்டேன். முகம் தெரியாத ஒருவர், உங்கள் கதை எதுவும் தெரியாமல், துணியைத் தொட்டுப் பார்த்து அந்த விலை கொடுத்தால்தான் அது சந்தையின் பதில். உங்கள் கை இன்னும் வேகமாகும், விலையும் ஏறும். ஆனாலும் மாதம் 40,000 ரூபாய் இந்தத் துணிகளிலிருந்து வர வேண்டும் என்றால், இன்றைய கணக்கில் பதினைந்து துணிக்கு மேல் எழுத வேண்டும். உங்களால் முழு மாதம் உட்கார்ந்தாலும் இரண்டு மூன்றுதான் முடியும்.

அந்த இடைவெளியை எதைக் கொண்டு நிரப்புவீர்கள் என்பதுதான் என் கவலை. வெளிக்கோட்டை மட்டும் கையால் எழுதிவிட்டு உள்ளே ஸ்கிரீனில் அச்சடிக்கலாம். இயற்கைச் சாயத்துக்குப் பதில் ரசாயனச் சாயம் வாங்கலாம். இரண்டு பெண்களை வேலைக்கு வைத்துக்கொண்டு நீங்கள் ஆர்டர் பிடிக்கப் போகலாம். இவை எதுவும் பாவம் இல்லை, எத்தனையோ பேர் நேர்மையாகச் செய்யும் தொழில்தான். ஆனால் நீங்கள் விட்டுவிட்டு வர நினைப்பதும் இதைத்தான். நாற்பதாயிரம் தேவைப்படுகிற மாதத்தில், படிகாரம் காய்வதற்கு நீங்கள் பொறுமையாகக் காத்திருக்க மாட்டீர்கள்.

என்னிடம் வந்த ஒருவர் வங்கி வேலையை விட்டு மரவேலைக்குப் போனார். நல்ல கை அவருக்கு. மூட்டுகளை ஆணி இல்லாமல் இறுக்குவார். முதல் வருடமே வீட்டுச் செலவு முழுவதையும் பட்டறையிலிருந்து எடுக்க வேண்டிய நிலை வந்தது. ஒரு வருடத்துக்குள் நாலு ஆள், மூன்று வாட்ஸ்அப் குழு, டெலிவரி தேதி, இரவு பத்து மணிக்கு வாடிக்கையாளர் போன் என்று ஆகிவிட்டது. உளியைக் கையில் எடுத்து மாதக்கணக்காகிறது என்று சொன்னார். வங்கியில் இருந்தபோதாவது மாதக் கடைசியில் சம்பளம் வந்தது என்றார். நீங்களும் 18 வருடம் கெடு தேதியோடு வாழ்ந்தவர். அந்தப் பழக்கம் ராஜினாமா கடிதத்தோடு அலுவலகத்திலேயே தங்கிவிடாது, உங்களோடு சேர்ந்து பட்டறைக்கும் வரும். பண நெருக்கடி அதைத் தட்டி எழுப்பிவிடும்.

அதனால்தான் சொல்கிறேன். வேலையை விடுங்கள், ஆனால் முதல் மூன்று வருடமாவது கலம்காரியில் வரும் காசு வீட்டுச் செலவுக்குத் தேவைப்படாதபடி ஏற்பாடு செய்துவிட்டு விடுங்கள். வருகிற காசு துணிக்கும் சாயத்துக்கும் ரயிலுக்கும் போகட்டும்.

அந்த ஏற்பாடு உங்களால் முடிகிற ஒன்றுதான். உங்கள் செலவான 1,30,000ல், வேலைக்காகவே ஆகும் செலவு எவ்வளவு என்று பிரித்துப் பாருங்கள். கேப், வெளிச் சாப்பாடு, நேரமில்லாததால் வைத்திருக்கும் சமையல் ஆள், களைப்பைத் தீர்க்க வாங்கும் பொருள்கள் எல்லாம் சேர்ந்து உங்கள் நிலையில் இருப்பவர்களுக்கு இருபது முப்பதாயிரம் சுலபமாக வரும். 25,000 என்று வைப்போம். மிச்சம் 1,05,000. புதிதாக மருத்துவக் காப்பீட்டு பிரீமியம் வரும், மாதத்துக்கு 5,000 என்று ஒதுக்குங்கள். ஆக 1,10,000. கணவர் சம்பளம் போக 55,000 துண்டு விழுகிறது.

இப்போது உங்கள் இருவர் சம்பளமும் 2,40,000, செலவு 1,30,000. மாதம் 1,10,000 மிச்சமாக வேண்டும். அது எங்கே போகிறது என்று நீங்கள் எழுதவில்லை. அடுத்த ஜூலையில் வேலையை விடுவதாக வைத்துக்கொண்டு, அதுவரை அதைப் பிடித்து வையுங்கள். நடுவில் ஏதாவது செலவு வந்தாலும் பத்து லட்சம் சேர்ந்துவிடும். அந்தப் பத்து லட்சத்தை வீட்டுக் கடனில் கட்டுங்கள். கட்டும்போது வங்கிக்கு எழுத்தில் ஒன்று கேட்க வேண்டும். முன்கூட்டிக் கட்டினால் வங்கிகள் வழக்கமாகத் தவணைக் காலத்தைக் குறைக்கும், இ.எம்.ஐ. அப்படியே இருக்கும். சம்பளம் வாங்குகிறவர்களுக்கு நானும் அதைத்தான் சொல்வேன், வட்டி அதிகம் மிச்சமாகும். உங்களுக்கு வேண்டியது அது இல்லை. காலம் அப்படியே இருக்கட்டும், இ.எம்.ஐ.யைக் குறையுங்கள் என்று கேளுங்கள். எட்டரை சதவீத வட்டி என்று வைத்துக்கொண்டால் 31,000 ஏறக்குறைய 16,000க்கு இறங்கும். மிதக்கும் வட்டியில், அதாவது ஏறி இறங்கும் வட்டியில், தனிநபர் வாங்கிய வீட்டுக் கடனுக்கு முன்கூட்டிக் கட்ட அபராதம் கிடையாது. துண்டு விழும் தொகை 40,000 ஆகிறது, வருடத்துக்கு 4,80,000.

கிராஜுவிட்டி (பணிக்கொடை) உங்களுக்கு உண்டு. கடைசி அடிப்படைச் சம்பளத்தை 15ஆல் பெருக்கி 26ஆல் வகுத்து, சர்வீஸ் வருடங்களால் பெருக்க வேண்டும். ஆறு மாதத்துக்கு மேல் போனால் அது முழு வருடமாகக் கணக்காகும். இதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. ஏப்ரலில் கடிதம் கொடுத்து, மூன்று மாத நோட்டீஸ் முடிந்து ஜூலையில் வெளியே வந்தால் உங்கள் சர்வீஸ் 8 வருடம் 7 மாதம், அதாவது 9 வருடம். தொகை 4,67,000 சொச்சம். சீக்கிரம் விடுகிறோம் என்று கம்பெனி மே மாதமே அனுப்பி, நீங்களும் சந்தோஷமாகக் கிளம்பினால் 8 வருடம்தான், 52,000 ரூபாய் போய்விடும். கடைசி வேலை நாளை எச்.ஆரிடம் பேசி எழுத்தில் வாங்குங்கள்.

எஃப்.டி. 6 லட்சத்தை அவசரத்துக்கு என்று ஒதுக்கிவிட்டால், மியூச்சுவல் ஃபண்டும் கிராஜுவிட்டியும் சேர்ந்து 22,67,000. வருடத்துக்கு 4,80,000 எடுத்தால் நாலரை வருடத்துக்கு மேல் தாங்கும். விலைவாசி ஏறும், ஃபண்ட் இறங்கவும் செய்யலாம், அதனால் மூன்றரை என்று எடுத்துக்கொள்ளுங்கள். முதல் இரண்டு வருடத்துக்கான பணம் பங்குச் சந்தையில் இருக்கக் கூடாது. கொஞ்சத்தை மார்ச் 31க்கு முன்னும், கொஞ்சத்தை ஏப்ரல் 1க்குப் பின்னும் விற்று எடுங்கள். பங்கு சார்ந்த ஃபண்டில் ஒரு வருடத்துக்கு மேல் வைத்திருந்து வரும் லாபத்தில் ஒரு நிதியாண்டில் 1,25,000 வரை வரி இல்லை. அதற்கு மேல் பன்னிரண்டரை சதவீதம். இரண்டு நிதியாண்டாகப் பிரித்தால் அந்தச் சலுகை இரண்டு முறை கிடைக்கும்.

பி.எஃப். பணத்தைத் தொடவே வேண்டாம். வேலையை விட்ட பிறகும் அதற்கு வட்டி வரும், ஆனால் வேலையில் இல்லாத காலத்தில் சேரும் வட்டிக்கு வருமான வரி கட்ட வேண்டும். முந்தைய கம்பெனிகளின் கணக்கெல்லாம் இப்போதைய பி.எஃப். எண்ணோடு சேர்ந்திருக்கிறதா என்று வேலையில் இருக்கும்போதே பாருங்கள். பத்து வருட சர்வீஸ் சேர்ந்தால் 58 வயதில் ஓய்வூதியம் உண்டு. சிறிய தொகைதான், ஆனால் உங்களுடையது. செல்வமகள் கணக்கில் வருடத்துக்கு 250 ரூபாய் கட்டினாலே கணக்கு உயிரோடு இருக்கும். பத்தாம் வகுப்பு முடித்த பிறகு மேற்படிப்புக்காக அதில் பாதி வரை எடுக்கலாம்.

இந்த நாலரை வருடத்தை ஒன்பதாக நீட்டவும் ஒரு வழி இருக்கிறது. மாதம் 20,000 ரூபாய் உங்கள் பழைய திறமையிலிருந்து வர வேண்டும், அவ்வளவுதான். சின்ன நிறுவனங்களுக்கு வாரம் ஒன்றரை நாள் பகல் நேர ஆலோசனை, அல்லது ஒரு கல்லூரியில் வகுப்பு. துண்டு விழுவது பாதியாகிவிடும். நீங்கள் ‘இதையே செய்யலாமா’ என்று கேட்டிருந்தீர்கள். அதில் இருக்கும் ஏக்கம் எனக்குப் புரிகிறது. ஆனால் வாரத்தில் ஒன்றரை நாளை விற்று, மிச்சம் ஐந்தரை நாளை யாருக்கும் பதில் சொல்லத் தேவையில்லாத நாளாக வைத்துக்கொள்வது எனக்கு நஷ்டமாகத் தெரியவில்லை. அந்த 20,000 இருக்கும்வரை, ஒரு துணி மூன்று மாதம் எடுத்தாலும் நீங்கள் பதற வேண்டியதில்லை.

காப்பீட்டை மட்டும் இந்த மாதமே செய்யுங்கள், ஜூலை வரை தள்ளாதீர்கள். அலுவலகக் காப்பீடு உங்கள் கடைசி வேலை நாளோடு முடிந்துவிடும். அம்மாவுக்குச் சர்க்கரை இருப்பதால் புதிய பாலிசியில் அதற்குக் காத்திருப்புக் காலம் இருக்கும், அதிகபட்சம் மூன்று வருடம். இன்று எடுத்தால் அந்தக் கடிகாரம் இன்றே ஓட ஆரம்பிக்கும். அல்லது இப்போதைய குழுக் காப்பீட்டு நிறுவனத்திடமே தனிநபர் பாலிசிக்கு மாற முடியுமா என்று கேளுங்கள். மாறினால் ஏற்கெனவே காத்திருந்த காலம் கணக்கில் சேரும். அதற்கு வேலையில் இருக்கும்போதே விண்ணப்பிக்க வேண்டும். உங்கள் பெயரில் டேர்ம் காப்பீடு (குறிப்பிட்ட காலத்துக்கு மட்டும் எடுக்கும் ஆயுள் காப்பீடு) இல்லை என்றால் அதையும் இப்போதே எடுங்கள், சம்பளச் சீட்டு இருக்கும்போது வாங்குவது சுலபம். அம்மாவின் சர்க்கரை, மாத்திரை, எதையும் விண்ணப்பத்தில் மறைக்காதீர்கள்.

கணவர் விஷயம். பேச்சை மாற்றுகிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். அவருக்குக் கலம்காரி பிடிக்கவில்லை என்று எனக்குத் தோன்றவில்லை. தன் 55,000 ரூபாயில் வீடு நிற்க வேண்டும் என்ற பயம் அவருக்கு இருக்கலாம். அதை வாய்விட்டுச் சொன்னால் மனைவியின் ஆசைக்குக் குறுக்கே நிற்பதாக ஆகிவிடும் என்று விழுங்கிக்கொள்கிறார் போல. தனியார் கல்லூரி வேலை எவ்வளவு நிச்சயம் என்பது அவருக்குத்தான் தெரியும். ‘நான் விடட்டுமா’ என்று அவரிடம் கேட்காதீர்கள். அதற்கு ஆமாம், இல்லை என்று பதில் சொல்லும் பாரம் முழுவதும் அவர் தலையில் விழுகிறது. ஒரு நோட்டில் மேலே சொன்ன கணக்கைப் போட்டு, எண்கள் சரிதானா என்று இருவருமாகப் பாருங்கள். அவர் சம்பளம் ஆறு மாதம் வராவிட்டால் என்ன செய்வோம் என்ற வரியையும் அதில் எழுதுங்கள். எஃப்.டி. அதற்குத்தான் இருக்கிறது. அப்புறம், வருகிற மாதம் முதல் மூன்று மாதத்துக்கு உங்கள் சம்பளத்தை வேறு கணக்கில் போட்டுவிட்டு, அதிலிருந்து துண்டு விழும் 55,000ஐ மட்டும் (இ.எம்.ஐ. இன்னும் குறையவில்லை) எடுத்துக் குடும்பம் நடத்திப் பாருங்கள். கேப்பும் சமையல் ஆளும் இப்போதைக்கு இருக்கும் என்பதால் கொஞ்சம் இடிக்கும். எங்கே இடிக்கிறது என்று தெரிந்துகொள்ளத்தான் இந்த ஒத்திகை. இந்த மூன்று மாதம் அவருடைய பயத்தைக் குறைக்கும், இல்லாவிட்டால் உங்கள் திட்டத்தின் ஓட்டையைக் காட்டும். இரண்டுமே நல்லதுதான்.

மகளைப் பற்றி நீங்கள் எழுதிய வரிதான் எனக்கு எல்லாவற்றையும்விட அவசரமாகப் படுகிறது. அவள் பேசுவது மனதில் ஏறவில்லை என்கிறீர்கள். அவளுக்கு இது பத்தாம் வகுப்பு. இன்னும் மூன்று வருடத்தில் எந்த ஊர்க் கல்லூரி விடுதியிலோ இருப்பாள். அடுத்த ஜூலைக்குப் பிறகு நிதானமாகக் கேட்கிறேன் என்று அதைத் தள்ளிப்போட முடியாது. வாரத்தில் இரண்டு நாளாவது ஒன்பது மணிக்கு மேல் கால் எடுக்க மாட்டேன் என்று மேலாளரிடம் சொல்லிப் பாருங்கள், பகல் நேரக் குழுவுக்கு மாற்றம் கேளுங்கள். எப்படியும் விடப் போகிறவர் நீங்கள். அப்ரைசலில் ஒரு படி குறைந்தால் என்ன ஆகிவிடும்? பதவி உயர்வுக்காக வாய்மூடி இருக்க வேண்டிய கட்டாயம் இனி உங்களுக்கு இல்லை. அதைப் பயன்படுத்துங்கள். சில சமயம் இந்த மாற்றம் கிடைத்ததுமே பாதிச் சோர்வு போய், வேலையிலேயே இருக்கலாம் என்று தோன்றும். தோன்றினால் அதில் வெட்கப்பட எதுவும் இல்லை.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்ல வேண்டும். கருப்பூர், சிக்கல்நாயக்கன்பேட்டைப் பக்கத்துக் கலம்காரி, கோயில்களுக்குத் தொம்பையும் (உருளை வடிவில் தொங்கும் துணி) தோரணமும் விதானமும் தேர்ச்சீலையும் எழுதி வாழ்ந்த குடும்பங்களின் கலை. அந்தக் குடும்பங்கள் அதிகம் மிச்சமில்லை. அவர்களுக்கு இது ஓய்வு தரும் வேலை இல்லை, வயிற்றுப்பாடு. உங்களுக்குப் பின்னால் 22 லட்சம் சேமிப்பும் கணவர் சம்பளமும் இருக்கும். அந்த வசதியில் நீங்கள் விலையைக் குறைத்து விற்றால், அது நேராக அந்தப் பெரியவர் வீட்டு அடுப்பில் போய்த் தட்டும். அவர் சொல்லும் விலைக்குக் கீழே விற்காதீர்கள். அவர் வீட்டுக் கோடுகளை அப்படியே எழுதினால், யாரிடம் கற்றது என்று சொல்லித்தான் விற்க வேண்டும். இரண்டு வருடமாக அவருக்கு என்ன கொடுக்கிறீர்கள் என்று எழுதவில்லை. அவர் வேண்டாம் என்று சொன்னாலும், ஒரு நாள் கூலிக்குக் குறையாமல் வெற்றிலை பாக்கோடு வைத்துக் கொடுங்கள். முழு நேரமாக வரப்போவதையும் அவரிடம் இப்போதே சொல்லுங்கள். மழைக்காலத்தில் துணி காயாத மாதங்களில் அவர் எப்படிச் சமாளிக்கிறார், கோயில் ஆர்டர் இல்லாத வருடத்தில் என்ன செய்தார் என்று கேளுங்கள். என்னைவிட அவருக்கு அந்தக் கணக்கு நன்றாகத் தெரியும்.

சென்னையிலேயே பார்க்க வேண்டிய இடங்களும் உண்டு. கலாக்ஷேத்ராவில் கலம்காரிக்கென்று ஒரு பிரிவு நெடுங்காலமாக இருக்கிறது. முட்டுக்காட்டில் தட்சிணசித்ரா அருங்காட்சியகத்தில் கைவினைஞர்கள் வந்து செய்து காட்டுகிறார்கள், விற்கிறார்கள். அங்கே போய் விலைச் சீட்டுகளைப் பாருங்கள், எந்தத் துணியை மக்கள் கையில் எடுத்துவிட்டுத் திரும்ப வைக்கிறார்கள் என்று கொஞ்ச நேரம் நின்று கவனியுங்கள். ஜி.எஸ்.டி., கம்பெனிப் பதிவு பற்றியெல்லாம் இப்போது யோசிக்க வேண்டாம். உங்கள் அளவில் பொருள் விற்பனைக்கு வருடம் 40 லட்சம் வரை பொதுவாக ஜி.எஸ்.டி. பதிவு தேவையில்லை. இணையத் தளங்கள் வழியாக விற்பதாக இருந்தால் மட்டும் அப்போது ஒரு ஆடிட்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

தேதிகளைச் சொல்லிவிடுகிறேன். மகளின் பொதுத்தேர்வு முடியட்டும். வருடாந்தர போனஸ் உங்கள் கம்பெனியில் ஏப்ரலில் வருகிறதா என்று பாருங்கள். பல நிறுவனங்களில் பணம் கணக்கில் ஏறுவதற்கு முன் ராஜினாமா கொடுத்தவர்களுக்கு அது கிடைப்பதில்லை. சில இடங்களில் போனஸ் வாங்கிய சில மாதங்களுக்குள் விலகினால் திருப்பிக் கேட்கிறார்கள். நியமனக் கடிதத்தில் அந்த வரியைத் தேடிப் படியுங்கள். அதற்கு முன்பே, ஜனவரியில், இந்த மூன்று மாத ஒத்திகையின் வரவு செலவை எனக்கு அனுப்புங்கள். கணவரும் பார்த்துச் சரி என்று சொன்ன கணக்காக அது இருக்கட்டும். எங்கே இடிக்கிறதோ அங்கே சேர்ந்து பார்ப்போம்.